கஞ்சியின் குளியல்

காலையில் குளிப்பாட்டிய நாயை மத்தியானம் மறுபடியும் ரசீது அக்கா துவைக்கிற கல்லுக்குக் கூட்டிக்கொண்டு வந்தபோது நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இழுத்துக்கொண்டு வந்தாள் என்று சொல்ல ஆசைதான், கேட்பதற்கு நன்றாக இருக்கும். ஆனால் அது இழுக்கவே வேண்டாத நாய். தானாகக் கல்லின்மேல் ஏறி, வாலை உள்ளே செருகிக்கொண்டு, மேலதிகாரியிடம் திட்டு வாங்க வந்த குமாஸ்தாவைப் போலத் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. அக்கா தண்ணீரை மொண்டு ஊற்றினாள். மயிர் ஒட்டிப்போனதும் உள்ளே எவ்வளவு சின்ன உடம்பு என்று தெரிந்தது. முதுகில் அங்கங்கே தோல் உரிந்து சிவந்திருந்தது. சோப்பு பட்டதும் அந்த இடங்கள் மட்டும் தனியாகத் துடித்தன.

"அவ்ளோதான், அவ்ளோதான். ஆடாம நில்லுடா கஞ்சி" என்றாள் அக்கா.

அறை ஜன்னலுக்குள்ளிருந்து அவள் புருஷனின் குரல் வந்தது. "கழுத்துக்குக் கீழ தேய்ச்சியா?"

"தேய்ச்சேங்க."

"அப்புறம் ஏன் இன்னும் நாறுது?"

அக்கா சோப்பை எடுத்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

அடுத்த வீட்டு நாய் குளித்தால் எனக்கென்ன என்று இருந்துவிடலாம்தான். ஆனால் இந்த வீட்டைக் கட்டிய புண்ணியவான் என் சமையலறை ஜன்னலை அவர்கள் பின்பக்கத்தைப் பார்த்து வைத்துவிட்டான். சோறு வேகிற வரைக்கும் நான் எங்கே பார்ப்பேன்? சுவரையா? ஒரே காம்பவுண்டுக்குள் கீழே இரண்டு வீடு, ஒன்று எங்களுடையது, ஒன்று அவர்களுடையது. மாடியில் டியூஷன் டீச்சர். நடுவில் இருக்கிற சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டும். இதில் யார் வீட்டில் என்ன வேகிறது, யார் வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் நான் தேடிப் போய்த் தெரிந்துகொள்வதில்லை. அதுவாக வந்து என் காதில் உட்கார்ந்துகொள்ளும்.

அக்காவுக்கு ரசீது அக்கா என்று பேர் வந்ததும், அவள் புருஷனுக்குப் பளிச் அண்ணன் என்று பேர் வந்ததும் அவர்கள் நடத்திய லாண்டரியால். தெருமுனையில் இருந்தது. அவர் உள்ளே நீராவி இஸ்திரிப்பெட்டியோடு நிற்பார், அவள் முன்னால் உட்கார்ந்து ரசீது எழுதுவாள். அவர் சட்டையைப் பார்த்தால் நமக்கே நம் துணியின்மேல் வெட்கம் வரும், அப்படி ஒரு வெள்ளை. அந்த வெள்ளையைவிட அவருடைய மூக்குதான் பேர் போனது. மூட்டையைப் பிரித்து ஒரு சட்டைக் காலரை முகர்ந்தால் போதும், யார் வீட்டுத் துணி, சட்டைக்காரர் விட்டேன் என்று சொல்லிக்கொள்ளும் சிகரெட்டை நிஜமாகவே விட்டாரா, கழுத்தில் ஒட்டியிருக்கும் சென்ட் பெண்டாட்டியுடையதுதானா, எல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். எங்கள் தெருவின் ரகசியம் பூராவும் அந்த மூக்கில் இருந்தது. ஒன்றுகூட வாய் வழியாக வெளியே வந்ததில்லை. எனக்கு அதில் தீராத வயிற்றெரிச்சல். "அண்ணே, அந்த எதிர் வீட்டு ஆள் துணியில..." என்று ஆரம்பித்தாலே, "உங்க புடவை செவ்வாக்கிழமை ரெடியாயிடும்மா" என்பார்.

கடைக்கென்று ஒரு முறை வைத்திருந்தார்கள். எவ்வளவு நாற்றமடிக்கும் துணி வந்தாலும் கொண்டுவந்தவர் முகத்துக்கு நேரே நாறுகிறது என்று சொல்ல மாட்டார்கள். "துணி கொஞ்சம் சோர்ந்திருக்குங்க, ரெண்டு தண்ணி விடணும்" என்பாள் அக்கா. அவ்வளவுதான். எங்கள் வீட்டுக்காரர் போர்வையைக் கொடுத்தபோதுகூட அப்படித்தான் சொன்னாள், அவரும் போர்வைமேல் பரிதாபப்பட்டுக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். நாற்றம் எப்போதும் துணியுடையது, ஆளுடையது இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் அதை ஒரு சத்தியம் மாதிரிக் காப்பாற்றினார்கள்.

நாய் அந்தக் கடை வாசலில் ஒதுங்கியதுதான். காது இரண்டும் விறைத்து நின்றதால், கஞ்சி போட்ட காலர் மாதிரி இருக்கிறது என்று அண்ணன் அதற்குக் கஞ்சி என்று பேர் வைத்தார். குரைக்காது. கூப்பிட்டால் வரும், போ என்றால் போகும். பிள்ளை இல்லாத வீட்டில் அது ஒரு பிள்ளையும் இல்லை, சும்மா ஒரு நாயும் இல்லை, ஒரு மாதிரி வேலையில்லாத தம்பி போல இருந்தது.

பிறகு அண்ணனுக்குச் சர்க்கரை முற்றிக் கண் மங்கியது. இடது காலில் செருப்பு கடித்த இடம் ஆறாமல் புண்ணாகி, இரண்டு விரலை எடுத்தார்கள். கடை கைமாறியது. இப்போது அங்கே போன் உறை விற்கிறார்கள். அண்ணனின் கட்டிலைப் பின் அறை ஜன்னலுக்குக் கீழே போட்டாள் அக்கா. படுத்தால் ஜன்னல் உயரத்தில் இருக்கும், வெளியே எதுவும் தெரியாது, பின்பக்கத்துச் சத்தம் மட்டும் கேட்கும். நாய் கட்டிலுக்கு அடியில் இடம் பிடித்துக்கொண்டது. அவர் ஒரு கையைத் தொங்கவிட்டுக்கொண்டே படுத்திருப்பார், அது நக்கிக்கொண்டே கிடக்கும்.

அந்த வாசம் எப்போது ஆரம்பித்தது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. முதலில் சந்தில் நடக்கும்போது லேசாக ஒரு இனிப்பு. பூச்சாடித் தண்ணீரை மாற்ற மறந்துவிட்டால் வருமே, அதுபோல. பிறகு அதற்கு ஒரு கனம் வந்தது. மூக்கில் ஏறுவதோடு நிற்காமல் தொண்டையில் போய் உட்கார்ந்தது. கஞ்சி சந்தில் வந்தால் கூடவே வரும். "என்னக்கா, நாய் இப்படி..." என்று நான் கேட்டபோது, "கொஞ்சம் சோர்ந்திருக்கு. குளிப்பாட்டணும்" என்றாள்.

அன்றையிலிருந்து ஆளாளுக்கு வைத்தியர் ஆனோம். டீச்சர் போனைப் பார்த்து, வினிகரைத் தண்ணீரில் கலந்து ஊற்றச் சொன்னாள். நான் எலுமிச்சம்பழம் என்றேன். பால்காரர் வேப்பிலை என்றார். யாரோ சொல்லி அதற்குப் பல்கூடத் தேய்த்துவிட்டாள் அக்கா, அதுவும் வாயைத் திறந்து காட்டியது. சமையல் சோடாவைத் தூவியதில் நாய் இரண்டு நாள் மாவு மில்லில் வேலை பார்ப்பது போலத் திரிந்தது. எங்கள் வீட்டுக்காரர், "நாயத் தேய்க்கிற தேய்ப்புல அதுக்குள்ள இருந்து இன்னொரு நாய் வந்துடும் போல" என்றார். ஒவ்வொரு குளியலுக்கும் பிறகு அரைமணி நேரம் எலுமிச்சம்பழம் மணக்கும். உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியில் படுத்துவிட்டுத் திரும்ப வந்தால் அதே நாய், அதே நாற்றம்.

கடைசியில் நாய் டாக்டரிடம் காட்டுவோம் என்று நான்தான் சொன்னேன். அக்கா தயங்கினாள். "நானும் வர்றேன்" என்றேன். உதவிக்குத்தான் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள்.

டாக்டரம்மா சின்ன வயசு, அலட்டல் இல்லாதவள். கையுறை போட்டுக்கொண்டு காதைத் திருப்பி, மூக்கை அதற்குள் வைத்தே முகர்ந்தாள். வாயைப் பிளந்து பார்த்தாள். விரல் இடுக்கு, வயிற்று மடிப்பு எதையும் விடவில்லை. வாலைத் தூக்கி அடியில் அமுக்கிப் பார்த்தபோது நான் சுவரில் இருந்த பூனைப் படத்தை மும்முரமாகப் படித்தேன். கஞ்சி அதற்கும் ஒத்துழைத்தது.

"யாருங்க சொன்னாங்க இது நாறுதுன்னு?"

"எல்லாருந்தான் சொல்றாங்க" என்றேன் நான்.

"காது சுத்தம், பல்லு வயசுக்குப் பரவாயில்ல, கீழயும் ஒண்ணும் இல்ல. தினம் குளிப்பாட்டுறீங்களா?"

அக்கா மெதுவாக, "காலையில, மத்தியானம்... சில நாள் சாயங்காலமும்" என்றாள்.

"தோலே போயிருச்சும்மா. இது நாய், சட்டை இல்ல. இன்னும் ரெண்டு வாரம் இப்படிக் கழுவினீங்கன்னா புண்ணாகி, நெசமாவே நாறும்." மறுபடி குனிந்து முதுகு மயிரை முகர்ந்தாள். "வெளியில ஏதோ ஒட்டியிருக்கு. இது எங்க படுக்குது?"

"கட்டிலுக்கு அடியில."

"யாரு கட்டில்?"

அக்கா கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, "வர்றோம் டாக்டர்" என்று எழுந்துவிட்டாள்.

நான் கேட்காமலே எனக்குப் பதில் கிடைத்த கேள்வி என் ஆயுசில் அது ஒன்றுதான். தெருவில் நாங்கள் மூன்று பேரும் நடந்தோம். மூன்றாவது ஆள் நடுநடுவே நின்று தூணை முகர்ந்தது. போன் உறைக் கடைக்கு எதிரே வந்ததும் அக்கா நின்றாள். பழைய கடையைப் பார்த்துக்கொண்டே பேசினாள், என்னைப் பார்க்கவில்லை.

"மொத நாள் நாறுனப்ப என் கையில அவர் கால் கட்டுத்துணி இருந்துச்சு. அப்பத்தான் பிரிச்சேன். 'என்ன நாத்தம் இது, நாயா?'ன்னு கேட்டார். நான் ஆமான்னுட்டேன்."

"கால்னு சொல்லியிருக்கலாமேக்கா. சொன்னாத்தானே ஆஸ்பத்திரிக்கு..."

"நீ சொல்லுவியா?" என்றாள். "கடையில உக்காந்திருந்த காலம் பூரா ஒரு ஆளைப் பார்த்து நீ நாறுறன்னு நாங்க சொன்னதில்ல. அவரைப் பார்த்தா நான் சொல்லணும்? டாக்டர் முட்டிக்குக் கீழ எடுக்கணும்னு சொன்ன அன்னிக்கு, போர்வையை இழுத்து மூஞ்சியை மூடிக்கிட்டார். காலை எடுக்கறதா இருந்தா என்னையும் அதோட சேத்து மூட்டை கட்டிக் குடுத்துடுன்னார். மறுநாள் பூரா ஒரு வாய் சாப்பிடல."

"அவருக்குத் தெரியாதாக்கா? அந்த மூக்குக்கா தெரியாது?"

அக்கா நாயின் தலையில் கை வைத்துக்கொண்டாள். "எனக்கும் அதான் தெரியல. என்னிக்காவது அவராவே கேப்பார், நாய் இல்லையோன்னு. அன்னிக்குச் சொல்லிடுவேன். சொல்லிட்டு அன்னிக்கே கூட்டிட்டுப் போயிடுவேன். அதுவரைக்கும் நாயாவே இருந்துட்டுப் போகட்டும்." பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். "நீ யார்கிட்டயும் சொல்லிடாத. வீட்டுக்குப் பார்க்க வர்றவங்க பேச்சை வெச்சே அவர் கண்டுபிடிச்சிடுவார். உன் வாய் எனக்குத் தெரியும்."

தெருவே தெரிந்து வைத்திருக்கிற விஷயம்தான், ஆனாலும் சுருக்கென்றது. சத்தியம் பண்ணினேன். அன்று ராத்திரி எங்கள் வீட்டுக்காரர் "நாய்க்கு என்னவாம்?" என்று கேட்டபோது "வயசாயிடுச்சாம்" என்றேன். வயிறு உப்பிக்கொண்ட மாதிரி இருந்தது. ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு சொல்லாமல் இருப்பவர்கள் எப்படித்தான் தூங்குகிறார்களோ.

அதன் பிறகு ஜன்னலில் நிற்கும்போது எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. அண்ணன் உள்ளிருந்து "நாறுது" என்பார். அக்கா கையில் இருப்பதைப் போட்டுவிட்டு நாயைக் கூட்டிக்கொண்டு வருவாள். சோப்பை மட்டும் விட்டுவிட்டாள், டாக்டரம்மா சொன்னதற்காக. வெறும் தண்ணீரை ஊற்றி, கல்லில் சோப்புக்கட்டியைத் தேய்த்துச் சத்தம் உண்டாக்குவாள். நாய் நின்றுகொண்டு அவள் கல்லுக்குச் சோப்புப் போடுவதைப் பார்க்கும். கட்டு மாற்ற வரும் நர்ஸம்மா ஒருநாள் கேட் அருகில் செருப்பை மாட்டிக்கொண்டே அக்காவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "கறுப்பு மேல ஏறிட்டே வருது. இனிமே நான் கட்டுறது துணிக்குத்தான் அழகு. சீக்கிரம் முடிவு பண்ணுங்கம்மா, முட்டியோட போறது தொடையோட போயிடும். அப்புறம் ஆளே போயிடும். நானும் சொல்லிப் பார்த்துட்டேன், போய் நாயைக் கழுவுங்கிறார்." அக்கா தலையை ஆட்டினாள். கேட்டைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

மாடியில் டீச்சருக்குப் பொறுமை போயிற்று. பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டே படியேறி வந்து, பிடித்துக்கொண்டே வாய்ப்பாடு ஒப்பிக்கின்றன என்றாள். "எல்லாம் மூக்காலயே சொல்லுதுங்க. எனக்கு எட்டா, ஏழான்னே தெரியல." சிரிப்பாகத்தான் சொன்னாள். இரண்டு அம்மாக்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டபோது சிரிப்பு நின்றது. ஹவுஸ் ஓனருக்குப் போன் போட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அந்த டியூஷனில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது.

ஓனர் ஒரு மத்தியானம் வந்தார். நல்ல மனுஷர், குரல்தான் லாரி ஹாரன். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு பேசியதால் அன்றைக்கு ஹாரனிலும் சளி. அக்கா கேட் வரைக்கும் ஓடிவந்து, "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, இப்பத்தான் கண்ணசந்தார்" என்று கும்பிட்டாள். நான் துணி எடுக்கிற சாக்கில் கொடிக்கு வந்தேன். காய்ந்த துணியாக இருந்தால் எடுத்திருப்பேன்.

"நான் தப்பாச் சொல்லலம்மா. அந்த மனுஷனை வெச்சுக்கிட்டு இந்த நேரத்துல எங்க வீடு பார்ப்பீங்க? உங்களைப் போகச் சொல்ல எனக்கு மனசு வரல. அதனாலதான் நாயைப் போகச் சொல்றேன். எனக்குத் தெரிஞ்ச மரக்கடையில காவலுக்கு நாய் கேக்கறாங்க. சோறு போட்டு வெச்சுப்பாங்க."

"அது குரைக்காதுங்க" என்றாள் அக்கா.

"அது அவங்க பாடு."

"கொஞ்ச நாள் பொறுங்க. நல்லாக் குளிப்பாட்டி..."

"இன்னும் எவ்ளோம்மா குளிப்பாட்டுவீங்க? தெருவே பேசுது." என்னைப் பார்த்துத் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க. பக்கத்துலயே இருக்கறவங்க. இந்த நாத்தம் நாய்தானே?"

அக்காவும் என்னைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை அது. கடையில் ரசீது எழுதி முடித்துவிட்டு, கையை நீட்டுவதற்கு முன்னால் பார்ப்பாளே, அந்தப் பார்வை. இல்லை என்று நான் சொல்லியிருந்தால், அப்புறம் என்ன என்று அந்த ஹாரன் கேட்டிருக்கும், ஜன்னலுக்குக் கீழே படுத்திருப்பவர் காதில் அது விழுந்திருக்கும். நாய் படியில் உட்கார்ந்து, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று ஆர்வமாகக் காதைத் தூக்கிக்கொண்டிருந்தது.

"நாய்தான்" என்றேன். "வேற என்ன?"

மரக்கடை ஆள் மறுநாளே கயிற்றோடு வந்தான். அண்ணன் மருந்து மயக்கத்தில் தூங்குகிற நேரமாகப் பார்த்து அக்கா வரச் சொல்லியிருந்தாள். கயிற்றைக் கழுத்தில் மாட்டியதும் கஞ்சி தயாராகிவிட்டது. விறுவிறுவென்று பின்பக்கம் போய்த் துவைக்கிற கல்லின்மேல் ஏறி, வாலைச் செருகிக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டு நின்றது. மரக்கடை ஆள் சிரித்துவிட்டான். அக்கா போய் அதைத் தூக்கி இறக்கிவிட்டாள். அது மறுபடி ஏறியது. இரண்டாவது தடவை இறக்கும்போது அவள் வாய் என்னவோ முணுமுணுத்தது, எனக்கே கேட்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்டைத் தாண்டும் வரைக்கும் அது ஒரு சத்தம் போடவில்லை. எந்தப் புண்ணியவதி கற்றுக்கொடுத்தாளோ, அவ்வளவு நல்ல வளர்ப்பு.

அடுத்த வேடிக்கை நாய் போன மறுநாள் நடந்தது. டீச்சர் மாடிப்படியில் நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "அப்பாடா, இப்பத்தான் வீடு வீடா இருக்கு" என்றாள். பிள்ளைகள் மூக்கை விட்டுவிட்டன. பால்காரர், "நான் அன்னிக்கே சொன்னேன்ல" என்றார். எங்கள் வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டார். நான் ஒருத்திதான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, எனக்குச் சளி என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த நிம்மதி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. காற்று திரும்பிய ஒரு நாளில் டீச்சர் படியில் நின்று முகத்தைச் சுளித்தாள். "நாய் போயும் நாத்தம் போகல பாருங்க. தரையில ஊறிப்போச்சு. எத்தனை வருஷம் படுத்த தரை!" ஓனர் பினாயில் வாங்கிக் கொடுத்தனுப்பினார்.

அந்த வாரத்தில் ஒருநாள் ஒரு கிண்ணத்தில் ரசம் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். நலம் விசாரிக்கத்தான், வேறு எதற்கும் இல்லை. அறைக்குள் நுழைந்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணன் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். மேலே பளிச்சென்று வெள்ளைப் போர்வை, மடிப்புகூடக் கலையவில்லை. அவருடைய கை கட்டிலிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. கீழே தரையில் அக்கா உட்கார்ந்து, ஈரத்துணியால் அந்த விரல்களை ஒவ்வொன்றாக ஒற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தாள்.

"கஞ்சி ஏன் சத்தமே இல்ல?" என்றார் அண்ணன், திரும்பாமல்.

"தூங்குதுங்க."

"தூங்கிக்கிட்டேவா நக்குது?"

அக்காவின் கை நின்றது. அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கையையும் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் மறுபடி துணியை நனைத்துக்கொண்டாள். நான் ரசத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன். சந்துக்கு வந்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

மரக்கடைக்கும் போனேன். அந்தப் பக்கம் வேறு வேலை இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மரத்தூள் குவியலுக்குப் பக்கத்தில் கட்டிப்போட்டிருந்தார்கள். விலா எலும்பு தெரிந்தது, வைத்த சோறு தட்டில் காய்ந்துகொண்டிருந்தது. முதுகுப் புண்கள் மட்டும் ஆறி அங்கே புதுமயிர் முளைத்திருந்தது. "சாப்பிட மாட்டேங்குதும்மா. குரைக்கவும் மாட்டேங்குது. இதைக் காவலுக்கு வெச்சா, நாங்கதான் இதுக்குக் காவல்" என்றான் அந்த ஆள். நான் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்து அதன் கழுத்தில் மூக்கை வைத்தேன். மரத்தூள் வாசம், வெயில் வாசம். வேறு ஒன்றுமே இல்லை. அது என் முந்தானையை முகர்ந்தது. முகர்ந்துகொண்டே இருந்தது. நான் அந்த வீட்டுக்குள் போய் வந்த புடவை அது. கயிற்றை இறுக்கிக்கொண்டு என் பின்னாலேயே வரப் பார்த்ததை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்காவிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. என் வாய்க்கு என்னவோ ஆகிவிட்டது.

இன்றைக்கு மத்தியானம் அடுப்பில் உலை கொதிக்கும்போது பின்பக்கம் வாளிச் சத்தம் கேட்டது. ஜன்னலுக்குப் போனேன். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துவைக்கிற கல்லுக்கு எதிரே நின்றாள். கல்லின்மேல் ஒன்றும் இல்லை. குவளையில் தண்ணீரை மொண்டு ஊற்றினாள். தண்ணீர் கல்லில் அறைந்து நாலு பக்கமும் சிதறியது. நாய்மேல் விழுகிற சத்தம் அது இல்லை என்று எனக்கே தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும், அடுத்த குவளையை மெதுவாக, உயரம் குறைத்து, ஒரு முதுகு இருக்கிற இடத்தில் கையை வைத்து அந்தக் கையின்மேல் ஊற்றினாள்.

"ஆடாம நில்லுடா கஞ்சி. அவ்ளோதான், அவ்ளோதான்."

சோப்பை எடுத்தாள். கல்லில் தேய்த்தாள். நுரை வந்தது. என் பின்னால் உலை பொங்கி அடுப்பில் சுரீரென்று வழிந்தது, நான் திரும்பவில்லை. உள்ளேயிருந்து அண்ணனின் குரல் வர நேரமாயிற்று. வந்தபோது அதில் அதட்டல் இல்லை. கடையில் மூட்டையைப் பிரித்துப் பார்த்து, எந்தத் துணிக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவளிடம் சொல்வாரே, அந்தக் குரல்.

"முதுகை விடு. முதுகுல ஒண்ணும் இல்ல."

அக்கா தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தாள்.

"பின்னங்கால் இருக்கு பாரு. இடது கால்." குரல் கொஞ்சம் நின்று மறுபடி வந்தது. "அதைத் தேய். அங்கதான் நாறுது."

அவள் சோப்பும் கையுமாக அப்படியே நின்றாள்.  பிறகு ஈரத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து, கல்லின் இடது ஓரத்தில் ஒரு கையைக் குவித்து அணைவாக வைத்துக்கொண்டு, மறு கையால் அந்த வெற்றிடத்தை மேலிருந்து கீழே, விரல் விரலாக, வலிக்காமல் தேய்க்க ஆரம்பித்தாள். நுரை அவள் மணிக்கட்டில் இறங்கி, கல்லைச் சுற்றிக்கொண்டு, சாக்கடையைப் பார்த்து மெதுவாகப் போனது.